டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ் பாடம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இன்ஜினியரிங் இரண்டாம் ஆண்டு மாணவர்களுக்கு டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ் வகுப்பும் லேபும் எடுக்கிறேன். ஒவ்வொரு பேட்சிலும் ஏறக்குறைய அதே சந்தேகங்கள்தான் வருகின்றன. லேபில், காரிடாரில், தேர்வுக்கு முந்தின இரவு வாட்ஸ்அப்பில் என்று கேட்டவற்றை, கேட்டவர்கள் சொன்ன மாதிரியே எழுதிப் பதில் சேர்த்திருக்கிறேன். எளிதானவை முதலில் இருக்கின்றன. போகப் போகச் சிக்கல் கூடும்.

ஒரு சின்னக் குறிப்பு. உள்ளீட்டின் அளவைக் குறிக்கும் எழுத்தை 'என்' என்று மேற்கோளுக்குள் எழுதியிருக்கிறேன். என்-ஸ்கொயர், லாக்-என், என்-லாக்-என் எல்லாம் வகுப்பில் சொல்வது போலவே. லாக் என்று வந்தால் அடிமானம் 2.

இந்தப் பேப்பர் எதுக்கு மேடம்? பைதான்ல சார்ட் ஒரு வரிதானே, சர்ச்சும் ஒரு வரிதானே?

ஒரு வரிதான். அந்த ஒரு வரிக்குப் பின்னால் எவ்வளவு வேலை நடக்கிறது என்று தெரியாமல் அதை லூப்புக்குள் வைக்கும்போதுதான் வம்பு. ஒரு லிஸ்டில் ஒரு லட்சம் மொபைல் எண்கள் இருக்கின்றன. இன்னொரு லட்சம் எண்களை ஒவ்வொன்றாக எடுத்து, முதல் லிஸ்டில் இருக்கிறதா என்று 'இன்' போட்டுப் பார்க்கிறீர்கள். ஒவ்வொரு 'இன்'னும் லிஸ்டை முதலிலிருந்து பார்த்துக்கொண்டு போகும். இல்லாத எண் என்றால் லட்சம் ஒப்பீடு. எல்லாமே இல்லாத எண்கள் என்றால் மொத்தம் 1,000 கோடி ஒப்பீடு, அதாவது சில நிமிடக் காத்திருப்பு.

அதே லிஸ்டை முதலில் ஒரு 'செட்' ஆக மாற்றிவிட்டால் ஒரு தேடலுக்குச் சராசரியாக ஓரிரு ஒப்பீடுதான். எல்லாம் ஒரு நொடிக்குள் முடிந்துவிடும். இரண்டு நிரலும் பார்ப்பதற்கு ஒரே மாதிரிதான் இருக்கும், மாறியது ஒரு சொல். ஓட்டிப் பார்ப்பதற்கு முன்பே இந்த வித்தியாசத்தைத் தாளில் கணக்குப் போட்டுச் சொல்லத் தெரிய வேண்டும். பாடம் அதற்குத்தான்.

சி-யா, பைதானா, ஜாவாவா? எதுல படிச்சா நல்லது?

உங்கள் கல்லூரி லேப் எதில் நடக்கிறதோ அதில் படியுங்கள். அதற்காகச் சண்டை போட வேண்டாம். ஆனால் லிங்க்ட் லிஸ்டையும் (ஒவ்வொரு நோடும், அதாவது உறுப்பும், அடுத்ததன் முகவரியை வைத்திருக்கும் சங்கிலி) பைனரி ட்ரீயையும் (ஒரு நோடிலிருந்து அதிகபட்சம் இரண்டு கிளை) ஒரு தடவையாவது சி-யில் எழுதிப் பாருங்கள். மெமரியைக் கேட்டு வாங்குவது, திருப்பிக் கொடுப்பது, தவறான முகவரியைத் தொட்டால் நிரல் விழுவது எல்லாம் அங்கேதான் கண்ணுக்குத் தெரியும். பைதான் அதையெல்லாம் மறைத்துவிடுகிறது.

சி என்றால் டர்போ சி நீலத் திரை என்று இன்னும் நினைக்கும் லேப்கள் உண்டு. அதில் இன்ட் 16 பிட், அதிகபட்சம் 32,767. பெரிய உள்ளீடு கொடுத்துச் சோதிக்க இந்தப் பாடத்துக்கு அது ஆகாது. வீட்டில் ஜிசிசி என்ற இலவச கம்பைலரைப் போட்டுக்கொள்ளுங்கள்.

கணக்குல நான் ரொம்ப வீக். இதுல தேறுவேனா?

தேறலாம். கால்குலஸ் வேண்டாம். மூன்று விஷயம் கைவர வேண்டும். ஒன்று, 1 + 2 + 3 என்று 'என்' வரை கூட்டினால் என்-ஸ்கொயரில் ஏறக்குறைய பாதி வரும். இரண்டு, 1 + 2 + 4 + 8 என்று இரட்டித்துக்கொண்டே போய்க் கூட்டினால், மொத்தம் கடைசி எண்ணின் இரண்டு மடங்கைத் தொடாது. மூன்றாவது லாக். ஒரு எண்ணை எத்தனை தடவை பாதியாக்கினால் 1-க்கு வரும் என்பதுதான் அது. ஆயிரத்துக்கு சுமார் 10, பத்து லட்சத்துக்கு சுமார் 20, நூறு கோடிக்கு சுமார் 30. இந்த மூன்று எண்களை மட்டும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள், தினமும் உதவும்.

பிக் ஓன்னா என்ன? ஒவ்வொரு புக்லயும் ஒவ்வொரு மாதிரி இருக்கு

உள்ளீடு பெரிதாகப் பெரிதாக வேலை எந்த வேகத்தில் வளர்கிறது என்பதைச் சொல்லும் குறியீடு. 1894-இல் பால் பாக்மன் என்ற ஜெர்மானியக் கணிதர் எண் கோட்பாட்டுக்காகப் பயன்படுத்தியது. கணினித் துறையில் இதையும் ஒமேகா, தீட்டாவையும் எப்படிப் பயன்படுத்துவது என்று 1976-இல் டொனால்ட் நூத் ஒழுங்குபடுத்தினார்.

ஒரு நிரல் 3 × என்-ஸ்கொயர் + 50 × 'என்' + 200 வேலைகள் செய்கிறது என்று வைத்துக்கொள்வோம். 'என்' 10 என்றால் மூன்று பகுதிகளும் 300, 500, 200. அதாவது ஸ்கொயர் உள்ள பகுதி பெரியதே இல்லை. 'என்' 10,000 என்றால் 30 கோடி, 5 லட்சம், 200. இப்போது பின்னால் இருப்பவற்றைத் தூக்கிப் போட்டாலும் ஒன்றும் ஆகாது. முன்னால் இருக்கும் 3 ஏன் போகிறது? ஒரு 'வேலை' என்பது எத்தனை நானோ நொடி என்று கணினிக்குக் கணினி மாறும். அந்த 3 அதோடு கலந்துவிடுகிறது. ஆகவே ஓ ஆஃப் என்-ஸ்கொயர் என்கிறோம்.

பிக் ஓ கேள்வி வந்தால் உடனே விடையைத் தேடாதீர்கள். முதலில் எது 'என்', எந்த வேலையை எண்ணுகிறோம் என்று தாளின் ஓரத்தில் எழுதுங்கள். கீழே வரும் பாதிக் குழப்பங்கள் இந்த இரண்டையும் எழுதாததால் வருபவை.

எதுக்கு எண்ணிக்கிட்டு? ஓடவிட்டு டைம் பார்த்தா போதாதா?

ஓடவிட்டும் பாருங்கள், நல்ல பழக்கம்தான். ஆனால் ஒரே ஒரு அளவுக்கு நேரம் பார்த்தால் ஒன்றும் தெரியாது. உள்ளீட்டை இரட்டிப்பாக்கி மறுபடி பாருங்கள். நேரமும் இரட்டிப்பானால் லீனியர். நாலு மடங்கானால் என்-ஸ்கொயர். இரண்டு மடங்கைச் சற்றே தாண்டினால் என்-லாக்-என் ஆக இருக்கலாம். நேரம் அசையவே இல்லை என்றால் லாக்-என், அல்லது நீங்கள் கொடுத்த உள்ளீடு இன்னும் ரொம்பச் சின்னது. நீங்கள் கொடுத்துப் பார்த்த உள்ளீட்டுக்கு மட்டும்தான் இந்த அளவீடு செல்லும். கொடுக்காத உள்ளீட்டில் என்ன ஆகும் என்று தெரிய எண்ணத்தான் வேண்டும்.

ரெண்டு லூப் ஒண்ணுக்குள்ள ஒண்ணு இருந்தா என்-ஸ்கொயர், மூணு இருந்தா கியூப். அவ்வளவுதானே?

இதை நம்பித்தான் பாதிப் பேர் மார்க்கை விடுகிறார்கள். லூப்பின் எண்ணிக்கையைப் பார்க்காதீர்கள், உள்ளே இருக்கும் வரி மொத்தம் எத்தனை தடவை ஓடுகிறது என்று பாருங்கள். உள் லூப், வெளி லூப் நிற்கும் இடம் வரை மட்டும் ஓடினால் 0 + 1 + 2 என்று கூட்ட வேண்டும். 'என்' 1,000 என்றால் 4,99,500. பாதியானாலும் என்-ஸ்கொயர்தான்.

வெளி லூப் ஒவ்வொரு சுற்றிலும் இரட்டிப்பாகிறது, உள் லூப் 'என்' வரை ஓடுகிறது என்றால் என்-லாக்-என். அதே வெளி லூப், ஆனால் உள் லூப் வெளி லூப்பின் மதிப்பு வரை மட்டும் ஓடுகிறது என்றால்? 1 + 2 + 4 + 8, மேலே கணக்குக் கேள்வியில் சொன்ன கூட்டல். மொத்தம் இரண்டு 'என்'னைத் தாண்டாது, லீனியர். இரண்டு லூப் இருக்கிறதே என்று பதறக் கூடாது. இன்னொன்று: உள் லூப் 1, 2, 3 என்று வெளி லூப்பின் மதிப்பு அளவுக்குத் தாவித் தாவிப் போகிறது. அப்போது 'என்' + 'என்'னில் பாதி + மூன்றில் ஒன்று என்று கூடும். பத்து லட்சத்துக்கு இது சுமார் 1.44 கோடி. என்-ஸ்கொயர் என்றால் ஒரு லட்சம் கோடி வந்திருக்கும்.

இதற்கு நேர் எதிரான பொறியும் உண்டு. ஒரே லூப், நிபந்தனையில் ஸ்டிரிங்கின் நீளத்தைக் கேட்கும் ஃபங்ஷன். சி-யில் அந்த ஃபங்ஷன் ஸ்டிரிங்கின் கடைசி வரை நடந்து போய்த்தான் நீளத்தைச் சொல்லும். லூப்புக்குள் ஸ்டிரிங்கையும் மாற்றினால் கம்பைலரால் அதை வெளியே எடுக்க முடியாமல் போகலாம். ஒவ்வொரு சுற்றிலும் ஒரு நடை, ஆகவே கண்ணுக்குத் தெரிவது ஒரு லூப், நடப்பது என்-ஸ்கொயர்.

பாயிண்டர் வந்தாலே தலை சுத்துது

பாயிண்டர் என்பது இன்னொன்றின் முகவரி, அவ்வளவுதான். கட்டம் போட்டு அம்புக்குறி வரையாமல் பாயிண்டர் நிரல் எழுதவே எழுதாதீர்கள். நடுவில் ஒரு நோடு செருகும்போது முதலில் புது நோடின் அம்பை அடுத்ததற்குக் கொடுத்துவிட்டு, அப்புறம் பழைய அம்பை அழிக்க வேண்டும். வரிசை மாறினால் மீதி லிஸ்ட் முழுக்கக் கைவிட்டுப் போய்விடும். தாளில் அழிப்பானால் அம்பை அழிக்கும்போது இது தானாகத் தெரியும். லிஸ்ட் காலி, ஒரே நோடு, முதல் நோடு, கடைசி நோடு என்று நாலு படத்தையும் தனித்தனியாக வரையுங்கள். லேபில் விழும் நிரல்கள் பெரும்பாலும் இந்த நாலில் ஒன்றில்தான் விழுகின்றன.

லிங்க்ட் லிஸ்ட்ல இன்செர்ட் ஓ ஆஃப் ஒன், அரேல ஓ ஆஃப் என். அப்போ அரே எதுக்கு மேடம்?

அந்த ஓ ஆஃப் ஒன் (உள்ளீடு எவ்வளவு பெரிதானாலும் வேலை மாறாது) ஒரு நிபந்தனையோடு வருகிறது: செருக வேண்டிய இடத்துக்கான பாயிண்டர் ஏற்கனவே கையில் இருக்க வேண்டும். 5,000-ஆவது இடத்தில் செருகு என்றால் முதலில் 5,000 நோடு நடக்க வேண்டும். எந்த வேலையை எண்ணுகிறோம் என்று கேட்கச் சொன்னது இதற்காகத்தான். அம்பு மாற்றுவதை மட்டும் எண்ணினால் ஒன்று, நடப்பதையும் எண்ணினால் 'என்'.

அரேயில் எல்லாம் அடுத்தடுத்து இருக்கும். ஒரு எண்ணைப் படிக்கும்போது பிராசசர் அதைச் சுற்றி 64 பைட்டைச் சேர்த்தே கேஷுக்குக் கொண்டுவருவது வழக்கம். அதாவது 16 இன்ட்கள் ஒரே பயணத்தில். லிங்க்ட் லிஸ்டில் அடுத்த நோடு எங்கே இருக்கும் என்று சொல்ல முடியாது. போதாததற்கு 64 பிட் கணினியில் 4 பைட் எண்ணுக்கு 8 பைட் பாயிண்டர், இடைவெளியோடு சேர்த்து நோடு 16 பைட். பிக் ஓ இதையெல்லாம் காட்டாது. என் கருத்து: சந்தேகம் இருந்தால் அரேயில் ஆரம்பியுங்கள். நோடின் முகவரி கையிலேயே இருந்து, அடிக்கடி பிடுங்கி நட வேண்டிய வேலை என்றால் மட்டும் லிங்க்ட் லிஸ்ட்.

அரே நிறைஞ்சா எல்லாத்தையும் வேற இடத்துக்கு காப்பி பண்ணுதாமே. அப்புறம் எப்படி அப்பெண்ட் ஓ ஆஃப் ஒன்?

ஒரு குறிப்பிட்ட அப்பெண்ட் (கடைசியில் ஒன்று சேர்ப்பது) 'என்' வேலை செய்யலாம், அது உண்மைதான். ஆனால் ஒவ்வொரு தடவையும் கொள்ளளவை இரட்டிப்பாக்கினால் அந்தக் கஷ்டம் அபூர்வமாகத்தான் வரும். மொத்தக் காப்பியைக் கூட்டினால் மறுபடியும் அதே 1 + 2 + 4 + 8. பத்து லட்சம் அப்பெண்டுக்கு 20 லட்சத்துக்குள் காப்பி. மொத்தத்தை எண்ணிக்கையால் வகுத்தால் ஒன்றுக்கு ஒரு மாறிலி. இதைத்தான் அமார்டைஸ்டு என்கிறார்கள்.

இரட்டிப்பாக்காமல் தடவைக்கு 100 இடம் மட்டும் கூட்டினால்? 100 + 200 + 300 என்று போய், அதே பத்து லட்சத்துக்கு சுமார் 500 கோடி காப்பி. இரட்டிப்புத்தான் வேண்டும் என்றில்லை, ஜாவாவின் அரேலிஸ்ட் ஒன்றரை மடங்கு வளர்க்கிறது. மடங்காக வளர வேண்டும், அதுதான் முக்கியம்.

ஸ்டாக், கியூ எல்லாம் எல்கேஜி மாதிரி இருக்கு. இதுக்கு ஒரு யூனிட்டா?

கடைசியில் வைத்தது முதலில் வந்தால் ஸ்டாக், முதலில் வந்தது முதலில் போனால் கியூ. கட்டமைப்பு எளிது, பயன்பாட்டில்தான் விஷயம். அடைப்புக்குறி சரிபார்ப்பதும் இன்ஃபிக்ஸ்–போஸ்ட்ஃபிக்ஸ் மாற்றமும் ஸ்டாக். பிரெட்த் ஃபர்ஸ்ட் சர்ச்சுக்குக் கியூ. பைதானில் லிஸ்டின் தலையிலிருந்து எடுத்தால் மீதி எல்லாம் ஒரு இடம் நகரும், அதனால் கியூவுக்கு 'டெக்' பயன்படுத்துங்கள். சர்க்குலர் கியூ எல்கேஜி இல்லை. முன், பின் இரண்டும் ஒரே இடத்தைக் காட்டும்போது நிறைந்ததா, காலியா? ஒரு இடத்தைக் காலியாக விடுங்கள் அல்லது எண்ணிக்கையைத் தனியாக வைத்திருங்கள்.

ரிகர்ஷன் பார்த்தா புரியுது, எழுத வரமாட்டேங்குது

ரிகர்ஷன் என்றால் ஒரு ஃபங்ஷன் தன்னையே அழைப்பது. ஒவ்வொரு அழைப்பையும் மனதுக்குள் கடைசி வரை துரத்திப் போவதுதான் சிக்கல். ஒரு ட்ரீயில் எத்தனை நோடு என்று எண்ண வேண்டும். காலி ட்ரீ என்றால் 0. இல்லையென்றால் இடப்பக்கம் எத்தனை, வலப்பக்கம் எத்தனை என்று கேட்டு, கூட்டி, 1 சேருங்கள். இடப்பக்கத்துக்கான விடை சரியாக வரும் என்று நம்பிவிட்டு அடுத்த வரிக்குப் போங்கள். அந்த நம்பிக்கைக்கு ஆதாரம், கணக்கில் படித்த தொகுத்தறிதல்.

அழகாக எழுதிவிட்டால் வேகமாக ஓடும் என்று அர்த்தமில்லை. ஃபிபொனாச்சியை இலக்கணப்படி இரண்டு அழைப்பாக எழுதினால், 40-ஆவது எண்ணுக்கு 33,11,60,281 அழைப்புகள். ஒரு அரேயில் விடைகளைச் சேமித்துக்கொண்டே போனால் சுமார் 40 கூட்டல். வைவாவில் கேட்பார்கள்: அந்த 33 கோடி அழைப்புக்கும் சேர்த்து ஸ்டாக்கில் எவ்வளவு இடம்? ஒரே நேரத்தில் உயிரோடு இருப்பவை அதிகபட்சம் 40 ஃபிரேம்தான் (ஒரு அழைப்புக்கு ஒரு ஃபிரேம்). நேரம் மலை அளவு, இடம் லீனியர்.

பைனரி சர்ச் சரியாதானே எழுதினேன், ஏன் மார்க் குறைச்சீங்க?

பைனரி சர்ச் என்றால் வரிசையாக உள்ள அரேயின் நடுவைப் பார்த்து, வேண்டாத பாதியைத் தள்ளிக்கொண்டே தேடுவது. உங்கள் நிரலுக்கு இரண்டே உறுப்புள்ள அரே கொடுத்தேன், முடிவில்லாமல் சுற்றியது. கீழ் எல்லையை 'நடு + 1' என்று போடாமல் 'நடு' என்று போட்டால் அப்படித்தான் ஆகும். காலி அரே, ஒன்று, இரண்டு, இல்லாத மதிப்பு என்று நாலையும் கொடுத்துப் பார்த்துவிட்டுக் கொண்டுவாருங்கள்.

வருத்தப்பட வேண்டாம், பெரியவர்களும் சறுக்கிய இடம் இது. ஜாவாவின் நூலகத்தில் இருந்த பைனரி சர்ச்சிலேயே ஒரு பிழை சுமார் 9 ஆண்டுகள் யார் கண்ணிலும் படாமல் இருந்தது. அதை எழுதிய ஜோஷுவா பிளாக்கே 2006-இல் அதைப் பற்றி எழுதினார். கீழ் எல்லையையும் மேல் எல்லையையும் கூட்டி இரண்டால் வகுத்திருந்தார். அரே மிகப் பெரிதானால் அந்தக் கூட்டல் இன்ட்டின் உச்சமான 2,14,74,83,647-ஐத் தாண்டி மைனஸில் போய்விடும். மேல் எல்லையிலிருந்து கீழ் எல்லையைக் கழித்து, பாதியாக்கி, கீழ் எல்லையோடு கூட்டினால் சரி.

எல்லா சார்ட்டும் மனப்பாடம் பண்ணணுமா?

வேண்டாம். இன்செர்ஷன், மெர்ஜ், குயிக் மூன்றையும் யாரும் பார்க்காமல் எழுதத் தெரிந்தால் போதும். பபுள் சார்ட் சிலபஸில் இருப்பதால் படியுங்கள், மற்றபடி அதற்கு ஒரு மரியாதையும் தர வேண்டாம். இன்செர்ஷன் சார்ட் என்-ஸ்கொயர்தான், ஆனால் சின்ன அரேக்கும் ஏறக்குறைய வரிசையாகவே இருக்கும் அரேக்கும் அருமையானது. பைதானுக்காக டிம் பீட்டர்ஸ் 2002-இல் எழுதிய டிம்சார்ட்டின் உள்ளேயே சிறு துண்டுகளை அடுக்குவது இன்செர்ஷன் சார்ட்தான்.

குயிக் சார்ட்டை டோனி ஹோர் மாஸ்கோவில் மாணவராக இருந்தபோது, இயந்திர மொழிபெயர்ப்புக்காகச் சொற்களை வரிசைப்படுத்த வழி தேடிக் கண்டுபிடித்தார். 1961-இல் வெளியானது. முதல் உறுப்பையே பிவட்டாக (சிறியவை ஒரு பக்கம், பெரியவை மறு பக்கம் என்று பிரிக்க உதவும் உறுப்பு) எடுத்தால், ஏற்கனவே வரிசையாக உள்ள உள்ளீட்டில் என்-ஸ்கொயர் ஆகிவிடும். ரிகர்ஷன் ஆழமும் 'என்' ஆகும். ஒரு லட்சம் எண்களில் ஸ்டாக்கே நிரம்பி நிரல் விழலாம். நீங்கள் சோதிக்கக் கொடுப்பதோ பெரும்பாலும் ரோல் நம்பர் வரிசை! பிவட்டை ரேண்டமாக எடுங்கள். சராசரி ஒப்பீடு என்-லாக்-என்னைப் போல சுமார் 1.39 மடங்குதான் வரும்.

பிக் ஓன்னா வொர்ஸ்ட் கேஸ், ஒமேகான்னா பெஸ்ட் கேஸ், தீட்டான்னா ஆவரேஜ். கரெக்டா?

தப்பு. சீனியர் நோட்ஸில் இப்படித்தான் இருக்கிறது என்று எனக்கும் தெரியும். இரண்டு தனித்தனிக் கேள்விகளை ஒன்றாகப் போட்டுக் குழப்பியது அது. எந்த உள்ளீட்டைப் பற்றிப் பேசுகிறோம் என்பது முதல் கேள்வி: மோசமானதா, சாதகமானதா, சராசரியா. அதைத் தீர்மானித்த பிறகு ஒரு சார்பு கிடைக்கும். அந்தச் சார்புக்கு மேல் எல்லை சொல்கிறோமா, கீழ் எல்லையா, இரண்டுமா என்பது அடுத்த கேள்வி. மேல் எல்லை ஓ, கீழ் எல்லை ஒமேகா, இரண்டும் ஒன்றாகப் பொருந்தினால் தீட்டா.

இன்செர்ஷன் சார்ட்டின் வொர்ஸ்ட் கேஸ் தீட்டா என்-ஸ்கொயர், பெஸ்ட் கேஸ் தீட்டா 'என்'. அதன் வொர்ஸ்ட் கேஸ் ஒமேகா என்-ஸ்கொயர் என்றாலும் சரியான வாக்கியமே. லீனியர் சர்ச் ஓ ஆஃப் என்-ஸ்கொயர் என்று எழுதினால்கூடப் பொய்யில்லை, மேல் எல்லைதானே. ஆனால் மார்க் கிடைக்காது, இறுக்கமான எல்லையைத்தான் கேட்கிறார்கள்.

ஹாஷ் டேபிள்ல எல்லாமே ஓ ஆஃப் ஒன். அப்போ ட்ரீ எதுக்கு படிக்கணும்?

எல்லாமே இல்லை, சராசரியாக மட்டும். ஹாஷ் டேபிள் என்பது சாவியிலிருந்து ஒரு எண்ணைக் கணக்கிட்டு, அந்த எண்ணுள்ள அறையில் போட்டு வைப்பது. 60 பேர் உள்ள வகுப்பை மொபைல் எண்ணின் கடைசி இரண்டு இலக்கத்தை வைத்து 100 அறைகளில் போடுங்கள். 60 பேருக்கு 100 அறை தாராளம் என்று தோன்றும். ஆனால் அந்த இலக்கங்கள் சீராகப் பரவியிருந்தால் 13 பேர் வந்ததுமே, யாரோ இருவர் ஒரே அறையில் இருக்கும் வாய்ப்பு பாதியைத் தாண்டிவிடும். ஆகவே மோதல் வரும் என்று வைத்துத்தான் கட்ட வேண்டும். எல்லோரும் ஒரே அறைக்கு வந்தால் அது வெறும் லிங்க்ட் லிஸ்ட். வேண்டுமென்றே மோதும் சாவிகளை அனுப்பி வலை சர்வர்களை முடக்க முடியும் என்று 2011-இல் ஆராய்ச்சியாளர்கள் செய்தே காட்டினார்கள். அதன் பிறகு பைதான் ஸ்டிரிங் ஹாஷில் ரேண்டம் விதையைச் சேர்த்தது. ஜாவா 8-இன் ஹாஷ்மேப், ஒரு அறையில் கூட்டம் அதிகமானால் அந்த அறையை ட்ரீயாகவே மாற்றிவிடுகிறது.

அப்புறம், ஹாஷ் டேபிளிடம் 70-க்கும் 80-க்கும் இடையில் மார்க் வாங்கியவர்கள் யார் என்று கேட்டுப் பாருங்கள். முழுவதையும் துழாவும். வரிசை சார்ந்த கேள்வி வந்தால் ட்ரீதான்.

ஏவிஎல் ரொட்டேஷன் எல்லாம் வேலையில யாராவது எழுதுவாங்களா?

அநேகமாக எழுத மாட்டீர்கள். ஆனால் உள்ளே ஓடிக்கொண்டிருக்கும். சாதாரண பைனரி சர்ச் ட்ரீயில் வரிசையாக எண்களைப் போட்டால் குயிக் சார்ட்டுக்கு வந்த அதே நோய்தான், ஒரே பக்கமாகச் சாய்ந்து லிஸ்ட் ஆகிவிடும். 1962-இல் சோவியத் கணிதர்கள் அடெல்சன்-வெல்ஸ்கியும் லாண்டிஸும் அதற்குக் கண்ட மருந்து ஏவிஎல்: சாயும்போதெல்லாம் நோடுகளைச் சுழற்றி (அதுதான் ரொட்டேஷன்) சமப்படுத்திக்கொள்ளும் ட்ரீ. பத்து லட்சம் நோடு இருந்தாலும் உயரம் 30-ஐத் தாண்டாது. இதே மாதிரி சமப்படுத்திக்கொள்ளும் வேறு ட்ரீகளும் உண்டு: ஜாவாவின் ட்ரீமேப் ரெட்-பிளாக் வகை, டேட்டாபேஸ் இண்டெக்ஸ்கள் பெரும்பாலும் பி-ட்ரீ வகை. நாலு ரொட்டேஷனையும் வரைந்து பாருங்கள், மனப்பாடம் ஒரு வாரத்தில் மறந்துவிடும்.

ஹீப்ல ஒரு இன்செர்ட் லாக்-என். 'என்' இன்செர்ட் என்-லாக்-என். ஆனா ஹீப் கட்ட ஓ ஆஃப் என்னுன்னு போட்டிருக்கே?

ஹீப் என்பது ஒவ்வொரு நோடும் தன் கீழே உள்ளவற்றைவிடப் பெரிதாக (அல்லது சிறிதாக) இருக்கும் பைனரி ட்ரீ. நீங்கள் சொல்வது மேலிருந்து ஒவ்வொன்றாகச் சேர்க்கும் முறைக்குச் சரி. ஓ ஆஃப் என் வருவது வேறு முறையில்: எல்லாவற்றையும் அரேயில் கொட்டிவிட்டு, கீழிருந்து மேலாக ஒவ்வொரு நோடையும் இறக்கிவிடுவது. 1964-இல் ராபர்ட் ஃபிளாய்ட் கொடுத்த வழி.

15 நோடு வைத்து எண்ணுங்கள். கடைசி வரிசையில் 8 நோடு, இறங்க இடமே இல்லை, 0. அதற்கு மேல் 4 நோடு, ஆளுக்கு அதிகபட்சம் 1 படி. அடுத்து 2 நோடு, ஆளுக்கு 2. உச்சியில் ஒன்று, 3. மொத்தம் 11. ஒவ்வொன்றாகச் சேர்த்தால் கீழே உள்ள 8 நோடும் ஆளுக்கு 3 படி ஏற வேண்டி வரலாம், மொத்தம் 34 வரை போகும். கூட்டம் கீழேதான் அதிகம். ஃபிளாய்டின் முறையில் கூட்டத்துக்கு வேலை இல்லை, ஒவ்வொன்றாகச் சேர்ப்பதில் கூட்டத்துக்குத்தான் வேலை அதிகம்.

என்-லாக்-என்னை விட வேகமா சார்ட் பண்ணவே முடியாதுன்னு எப்படி அடிச்சு சொல்றாங்க?

ஒப்பிட்டு மட்டுமே வரிசைப்படுத்தினால் முடியாது என்பதுதான் முழு வாக்கியம். மூன்று பொருளை 6 விதமாக அடுக்கலாம். ஒரு ஒப்பீட்டுக்கு இரண்டு விடை, ஆகவே இரண்டு ஒப்பீட்டால் 4 நிலைகளைத்தான் பிரித்தறிய முடியும். 6-க்குப் போதாது, மூன்று வேண்டும். ஐந்து பொருளுக்கு 120 அடுக்கு, 7 ஒப்பீடு வேண்டும். 'என்' பொருளுக்கு இதையே செய்தால் 'என்' ஃபேக்டோரியலின் லாக் வரும், அது என்-லாக்-என் வேகத்தில் வளர்கிறது. இந்த வாதம் எந்தக் குறிப்பிட்ட அல்காரிதத்தையும் தொடவில்லை, இனி யாராவது கண்டுபிடிக்கப் போவதற்கும் சேர்த்தே பொருந்தும்.

ஒப்பிடாமல் செய்தால் கட்டு இல்லை. ஒரு லட்சம் விடைத்தாள், மார்க் 0 முதல் 100 வரை முழு எண். 101 டப்பா வைத்து எண்ணிவிட்டால் லீனியர். நிரூபணம் இல்லாமல் 'முடியாது' என்று சொன்னதற்கு ஒரு கதை உண்டு. இரண்டு எண்களைப் பெருக்க இலக்கங்களின் என்-ஸ்கொயர் வேலை கட்டாயம் என்று கொல்மொகோரோவ் 1960-இல் மாஸ்கோவில் ஒரு கருத்தரங்கில் ஊகமாகச் சொன்னார். கேட்டுக்கொண்டிருந்த 23 வயது கரட்சுபா ஒரு வாரத்துக்குள் அதைவிட வேகமான வழியோடு வந்துவிட்டார்.

பிளேஸ்மென்ட்டுக்கு லீட்கோட் 300 போட்டா போதுமா?

லீட்கோட் என்ற நிரல் பயிற்சித் தளம் நல்லதுதான், ஆனால் எண்ணிக்கையில் ஒன்றும் இல்லை. ஒவ்வொரு கணக்குக்கும் விடை எழுதும் முன் பிக் ஓவை ஊகித்து எழுதி வைத்து, முடித்த பிறகு ஒப்பிடுங்கள். கொடுத்திருக்கும் எல்லையையும் படியுங்கள். 'என்' ஒரு லட்சம் வரை என்றால் என்-ஸ்கொயர் தேறாது, என்-லாக்-என்னைத் தேடு என்று கேள்வியே குறிப்புக் கொடுக்கிறது. வகுப்பு புரியவில்லை என்றால் என்பிடெல் என்ற இணையப் பாடத் தளத்தில் சென்னை கணிதவியல் கழகத்தின் மாதவன் முகுந்த் எடுத்த பைதான் வழி அல்காரிதம் பாடம் இலவசமாக இருக்கிறது.

பகா எண்ணான்னு பார்க்க ரூட்-என் வரைக்கும் வகுத்தா போதும். ரூட்-என் லீனியரை விட சின்னது. அப்புறம் ஏன் அதை ஸ்லோ அல்காரிதம்னு சொல்றீங்க?

இங்கே 'என்' மாறிப் போயிருக்கிறது. அரேயில் 'என்' என்றால் எத்தனை உறுப்பு. இங்கே நீங்கள் 'என்' என்று வைத்தது அந்த எண்ணின் மதிப்பு. உள்ளீட்டின் அளவு என்பது அதை எழுத எத்தனை இலக்கம் வேண்டும் என்பதுதான். 100 இலக்க எண் ஒன்றைத் தாளில் ஒன்றிரண்டு வரியில் எழுதிவிடலாம். அதன் வர்க்கமூலம் சுமார் 50 இலக்கம். நொடிக்கு நூறு கோடி வகுத்தல் செய்தாலும், ஆகும் நொடிகளின் எண்ணிக்கையே 40 இலக்கத்துக்கு மேல். இரண்டு இலக்கம் கூடினால் வேலை பத்து மடங்காகும். இலக்கத்தின் எண்ணிக்கையை வைத்துப் பார்த்தால் இது எக்ஸ்பொனென்ஷியல்.

இலக்கங்களின் எண்ணிக்கையில் பாலினோமியல் நேரத்தில், ரேண்டம் எதுவும் இல்லாமல், நிரூபிக்கப்படாத ஊகம் எதையும் நம்பாமல் பகா எண்ணைச் சோதிக்க முடியுமா என்ற கேள்வி வெகுகாலம் திறந்தே கிடந்தது. 2002 ஆகஸ்டில் ஐஐடி கான்பூரிலிருந்து மணீந்திர அகர்வால், நீரஜ் கயால், நிதின் சக்சேனா மூவரும் முடியும் என்று காட்டினார்கள். கயாலும் சக்சேனாவும் அப்போதுதான் பி.டெக். முடித்திருந்தார்கள். ஆனால் நடைமுறையில் பெரிய பகா எண் தேவைப்படும் இடங்களில் இன்றும் பெரும்பாலும் ஓடுவது மில்லர்–ராபின் என்ற ரேண்டம் சோதனை. பாலினோமியல்தான் என்றாலும் கான்பூர் முறையின் படி பெரியது, நிஜ அளவுகளில் மில்லர்–ராபின் அதைவிட வெகு வேகம். தவறு நேரும் வாய்ப்பையும் சோதனையைத் திரும்பத் திரும்ப ஓட்டி வேண்டிய அளவுக்குக் குறைத்துக்கொள்ளலாம்.